துருவத்து ஓடைக்குத் தேத்தாங்கொட்டை

கேள்விக்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மொன்றியலில் எந்த மண்டபத்திலாவது நாற்பது கதிரையைப் போட்டு, ஒருவரைப் பேசவிட்டு, முடிவில் “யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம்” என்று ஓர் அப்பாவி அறிவித்துவிட்டால் போதும், அவர் எழுந்து நிற்பார்.

“எனக்கு ஒரேயொரு சின்னக் கேள்வி.”

அவ்வளவுதான். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, சோற்றை மூடி வைக்கச் சொல்லிவிடுங்கள்.

அவர் எப்போதும் இரண்டாவது வரிசையில், நடைபாதை ஓரக் கதிரையில்தான் இருப்பார். பேச்சை அவர் கேட்பதில்லை. எப்படிக் கேட்பது? கேள்வியைத் தயாரிக்கிற மனிதருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? பூசைப் பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். பிறகு எழுந்து, பேச்சாளருக்கு நன்றி சொல்லி, பேச்சாளர் விட்ட பிழையொன்றைப் பெருந்தன்மையோடு மன்னித்து, தான் பிறந்த ஊர், படித்த பள்ளி, எண்பத்திமூன்றில் தப்பி வந்த வழி, கனடா அரசாங்கம் தன்னிடம் கேட்காமல் செய்த காரியங்கள் எல்லாவற்றையும் தொட்டு, ஒலிவாங்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, கடைசியில் “இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?” என்று ஒரு வாலைக் கட்டி விடுவார். எதைப் பற்றி? அது ஒருவருக்கும் தெரியாது.

கெட்ட மனிதரா? சத்தியமாக இல்லை. செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வருகிறவரும் அவர்தான், பனி கொட்டிய காலையில் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து வழிக்கிறவரும் அவர்தான். வாய் ஒன்றுதான் கைக்கு அடங்காது.

எனக்குத் தெரிந்த கேள்விக்காரர்களில் முதல்தரமானவர் அருமைநாதன் அண்ணை. பியர்பொன்ட்ஸில் வீடு, புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. ஆனால் தன் கணக்கில் அவர் ஒரு நீரியல் நிபுணர். மன்னாரில், கட்டுக்கரைக்குளத்துப் பக்கம், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினொரு மாதம் தற்காலிக எழுதுவினைஞராக இருந்திருக்கிறார். பதினொரு மாதம் என்றால் சும்மாவா?

அப்படிப்பட்டவர் முன்னால், இரண்டாயிரத்து எட்டு ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்த கையோடு, றெபேக்கா என்ற பிள்ளை இரண்டு போத்தல் தண்ணீரோடு வந்து நின்றாள். ஆட்டுக்குட்டி தானே நடந்து போய்ப் புலியிடம் மணி என்ன என்று கேட்டது.

றெபேக்கா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அந்தக் கோடையில் விமானமேறி வடதுருவப் பக்கம் போய், எட்டுக் கிழமை கூடாரத்தில் இருந்து, ஓடைகளில் தண்ணீர் அள்ளி அளந்துவிட்டு வந்திருந்தாள். அடுத்த கோடையும் வருகிறாளா இல்லையா என்று மறுநாள் திங்கட்கிழமை பேராசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும். வயது இருபத்துநான்கு; சட்டப்படி யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அவளுடைய தாய் செலீன், “நீ கரடி திரியிற இடத்தில என்ன செய்யிறாய் எண்டு எனக்கு ஒழுங்கா விளங்கினால் போ. விளங்காட்டில் போகேலாது” என்று சொல்லியிருந்தார். வீட்டில் பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் கலந்து விளக்கிப் பார்த்தும் சரிவரவில்லை. ஆகவே ஒரு கிழமை இருந்து தமிழில் எழுதிப் பாடமாக்கி, தாய்க்கு விளங்கப்படுத்த ஒரு பங்குச் சனத்தையே கோவில் மண்டபத்தில் கூட்டிவிட்டாள். மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு செலீன் இருந்தார். நான் அவருக்குப் பின்னால்.

நன்றாகத்தான் பேசினாள். அங்கே நிலத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கான வருடமாக உறைந்துபோய் இளகாத மண் இருக்கிறதாம். இப்போது சூடு கூடக் கூட அது இளகி, கரை சரிந்து, ஓடையில் விழுகிறதாம். அதற்குள் பூட்டிக் கிடந்த உப்பும் உலோகமும் அழுகாத இலைதழையும் தண்ணீரோடு போகின்றனவாம். ஒரு போத்தலைத் தூக்கினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. “இது சரிவுக்கு மேல எடுத்தது.” மற்றதைத் தூக்கினாள், பால் விட்ட தேநீர் நிறம். “இது சரிவுக்குக் கீழ. ஒரே ஓடை, ஒரே நாள்.” கூட்டம் ‘ம்ம்’ என்றது. செலீன் கழுத்தை நீட்டி அந்தப் போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். சென்ட் லோரன்டில் மருந்து செய்யும் ஆலையொன்றில் பன்னிரண்டு வருடமாகப் போத்தல் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

நேரம் பன்னிரண்டு நாற்பது. ஒரு மணிக்குப் பிலிப்பைன்காரரின் பாடகர் குழுவுக்கு மண்டபத்தைக் கொடுக்க வேண்டும். தலைமை தாங்கிய ஹென்றி மாஸ்டர், “கேள்விகள்?” என்றார். செலீனின் கை மடியிலிருந்து கிளம்பிக் காதுவரை வந்தது. அருமைநாதன் அண்ணை ஏற்கனவே எழுந்துவிட்டார்.

“ஒரேயொரு சின்னக் கேள்வி. பிள்ளை நல்லாச் சொன்னது. தமிழ் கொஞ்சம் இடறுது, பரவாயில்லை. நான் கட்டுக்கரைக்குளத்தில இருந்த காலத்தில...”

ஏழு நிமிடம் குளத்தில் நின்றார். எழுபத்தெட்டுச் சூறாவளியில் அணைக்கட்டுக்கு வந்த ஆபத்தில் மூன்று நிமிடம். அதற்குப் பிறகு வடதுருவத்துக்கு ஏறினார்.

“இதுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? கொதிக்க வைச்சுக் குடிச்சால் முடிஞ்சுது.”

“அங்கிள், கொதிக்க வைச்சால் கிருமி சாகும்,” என்றாள் றெபேக்கா. “மண்ணும் உலோகமும் போகாது. தண்ணி வத்தினால் இன்னும் தடிக்கும்.”

“அதைத்தான் நானும் சொல்ல வாறன்!” என்றார் அண்ணை. கேள்விக்காரரை ஒருபோதும் மறுக்க முடியாது; அவர் நம் பக்கம் பாய்ந்து வந்து விடுவார். “அப்ப என்ன வேணும்? தேத்தாங்கொட்டை!”

மண்டபம் சிலிர்த்தது. இருபது வருடமாக அந்தச் சொல்லைக் கேட்காத சனம். கலங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் விட்டு, உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்தால் மண்டி அடியில் போய்ப் படியும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். ஊரில் எல்லா வீட்டிலும் செய்ததுதான்.

“அங்கிள், அது குடத்துக்குச் சரி. இது ஓடுற ஓடை. நூறு மைல் ஓடுது. கரை சரியச் சரிய...”

“மூட்டைக் கணக்கில போடுவம்,” என்றார் அண்ணை.

“கொழும்பில எடுக்கலாம்,” என்றது பின்வரிசை.

அடுத்து நடந்ததை எங்கள் ஆட்களை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு வடதுருவ நீர் தெளிவிப்புக் குழு உதயமானது. தலைவர் அருமைநாதன். செயலாளர் பதவிக்கு இரண்டு பெயர் வந்ததால் உப செயலாளர் பதவியொன்று உண்டாக்கப்பட்டது. போஷகராக இருக்கப் பங்குச் சுவாமியைக் கேட்பதென்று முடிவாயிற்று. றெபேக்காவை ஒருவரும் எதற்கும் பிரேரிக்கவில்லை. பிள்ளை சின்னன், அனுபவம் காணாது. அவள் இரண்டு போத்தலையும் கையில் வைத்துக்கொண்டு தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். செலீனின் கை இன்னும் இரண்டு தடவை எழும்பி இறங்கியது. கதவருகே பாடகர் குழு தொண்டையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தை ஒரு கொட்டையால் உரைத்துவிட்டாரே மனிதர்!

வெளியே பஸ் தரிப்பில் தாயும் மகளும் நின்றார்கள். நானும் நின்றேன். செலீன், மண்டபத்தில் கேட்க விடாத கேள்வியை அங்கே கேட்டார்.

“பிள்ளை, அங்க இருக்கிற சனம் இப்ப எந்தத் தண்ணியைக் குடிக்குது?”

“அதே ஓடைதான் அம்மா. தேத்தண்ணிக்கு அதுதான் நல்லமெண்டு கேத்தலோட வருங்கள். எண்டைக்குக் கலங்கும், எண்டைக்குத் தெளியும் எண்டு ஆருக்கும் தெரியாது. தெளிஞ்ச மாதிரி இருக்கிற தண்ணியிலயும் என்ன கிடக்கெண்டு அளந்தால்தான் தெரியும்.”

“எங்கட லைனில ஒரு போத்தல் கலங்கினாலே மிசினை நிப்பாட்டுவம். அங்க ஆர் பாக்கிறது?”

“நானும் இன்னொரு பெட்டையும் மட்டும்தான்.”

செலீன் மகளைப் பார்த்தார். கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூன்று கிழமையாக றெபேக்கா காத்திருந்த சொல் அது, ஆமோ இல்லையோ, இதோ வரப்போகிறது.

“தங்கச்சி,” என்றேன் நான் செலீனிடம், “அருமைநாதன் அண்ணை சொன்னதில ஒரு பிழை இருக்கு. தேத்தாங்கொட்டையைக் குடத்துக்குள்ள வெறுமனே உரைக்கிறேல்லை. எங்கட வீட்டில கல்லில உரைச்சுத்தான் கலக்கிறது. நாங்கள் அப்ப அடைக்கலமாதா கோவிலடியில இருந்த காலத்தில...”

பஸ் வரும்வரை சொன்னேன். பஸ் பிந்தித்தான் வந்தது. அவர்கள் ஏறினார்கள், நான் கை காட்டினேன். நல்ல உபயோகமான தகவல் கொடுத்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்க் கோழிக்கறி சாப்பிட்டேன்.

அடுத்த ஜூலையில் பூசைக்குச் செலீன் தனியாக வந்திருந்தார். மகள் எங்கே என்று கேட்டேன்.

“அவள் வடதுருவத்துக்குப் போயிட்டாள் அண்ணை. போன கிழமைதான் ரெலிபோன் எடுத்தவள். ரெண்டு ஓடை புதுசாக் கலங்கிப் போச்சாம்.”

“அப்ப நீங்கள் விட்டிட்டீங்கள்?”

“அண்டைக்கே விட்டிட்டன். தரிப்பில வைச்சுச் சொல்லத்தான் வாயைத் திறந்தனான்.” சிரித்தார், கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. “நீங்கள் கதைச்சு முடியக் காணேல்லை. பாவம் பிள்ளை, பஸ்ஸுக்குள்ள இருந்து அழுதிட்டாள், நான் மாட்டனெண்டு சொல்லப் போறன் எண்டு நினைச்சு. பேந்து நாலாவது தரிப்பிலதான் சொன்னனான்.”

கேள்விக்காரரைப் பற்றி எனக்கு இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும் என்று வியந்திருப்பீர்கள். இனி வியக்கமாட்டீர்கள்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? மிக்க மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கட்டுரையில் ஒரு பிழை கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள், உண்மையைச் சொல்லுங்கள். சூறாவளி பற்றியோ, கொட்டை உரைக்கும் முறை பற்றியோ, எனக்கு எழுத ஒரு நான்கு பக்கக் கடிதம் உங்கள் மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. தாராளமாக எழுதுங்கள், நான் வாசிப்பேன். அதற்கு முன் ஒருமுறை தலையை நிமிர்த்தி, உங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.