இறந்தவர் உள்நுழைகிறார்

"செத்தவர் இன்னிக்குக் காலையில ஏழு ஸ்கேன் பார்த்திருக்கார்!"

ஆஸ்பத்திரியின் கணினிப் பாதுகாப்பு அதிகாரி திரையைப் பார்த்துக் கத்தினார். பணியாளர் பிரிவு அனுப்பிய பட்டியலில் ஸ்கேன் டாக்டரின் பெயருக்கு நேரே 'மறைவு, நான்கு நாள் முன்பு' என்று போட்டிருந்தது. ஆனால் யாரோ ஒரு வீட்டிலிருந்து, அவர் பெயரில் உள்ளே நுழைந்து, அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வேலைக்கு வந்தே மூன்று வாரம்தான். டாக்டரின் முகம்கூடத் தெரியாது. அதிகாரிக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர், போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கை மூடாமல் விட்டதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

கணக்கைப் பூட்டினார்.

பத்தாவது நிமிடம் நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள். "சார், ஏணியிலேர்ந்து விழுந்தவரோட தலை ஸ்கேன் அப்படியே நிக்குது. அறிக்கை வராம ஆபரேஷன் பண்ண முடியாதுங்கறாங்க."

"டாக்டர் தவறிட்டாரும்மா. எழுதினது திருடன்."

"ஐயோ! அதான் நாலு நாளா ஆளைக் காணோமா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கிளை ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்க்கச் சொல்றேன்."

அதற்குள் திரை சிவந்தது. பூட்டிய கணக்கை எட்டு முறை தட்டியிருந்தான் திருடன். அதிகாரி அந்த வீட்டு இணைப்பைத் தடுத்தார். அவன் கைபேசி வழியாக வந்தான். வெளியிலிருந்து வரும் வழி அத்தனையையும் அடைத்தார். கிளை ஆஸ்பத்திரியின் இணைப்பும் அதோடு அறுந்தது.

தொலைபேசி அலறியது.

"ஸ்கேன் டாக்டர் பேசறேன். கணக்கைத் திறங்க. ஒரு உயிர் போகப்போகுது!"

"உங்க உயிர் போய் நாலு நாளாச்சு," என்று வைத்துவிட்டார்.

அந்தக் குரல் நர்ஸின் காதிலும் விழுந்திருந்தது. "அசல் அவர் குரல் சார்."

"இப்பல்லாம் குரலையும் திருடறாங்கம்மா."

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரின் நுழைவு அட்டையையும் முடக்கினார். திரை முழுக்கப் பச்சையானது. வெளியே நடைபாதையில், ஏணியிலிருந்து விழுந்தவரின் மனைவி, அவருடைய ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி தலை குனிந்துகொண்டார்.

வாசல் காவலாளி எட்டிப் பார்த்தான்.

"சார், நம்ம ஸ்கேன் டாக்டர் கண்ணாடிக் கதவைப் போட்டு உடைக்கிறாரு, அட்டை வேலை செய்யலையாம். அப்பா செத்ததுக்குப் பணியாளர் பிரிவுல லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டிலேர்ந்தே ஸ்கேன் பார்த்துட்டிருந்தவரு, பாவம், அவசரம்னு ஓடி வந்திருக்காரு."