நானே வாயைக் கொடுத்து ஓப்பன் கிளாஸுக்குப் போன கதை

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காரை மைதானத்துக்கு எடுத்துட்டுப் போயி, செக்கப் பண்றவருகிட்ட காட்டி, கதவுல ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டு வரிசையில நிக்கணும். அவ்ளோதான்.

அதைக்கூட உருப்படியா செய்யத் தெரியாத ஒரு ஆளுதான் இப்ப உக்காந்து இதை டைப் அடிச்சிக்கிட்டு இருக்கேன்.

மொதல்ல என்ன போட்டின்னு சொல்லிடறேன். பேரு ஆட்டோகிராஸ். விருத்தாச்சலத்துலேருந்து பெண்ணாடம் போற வழியில ஒரு காலி மைதானம் இருக்குது. கார் பைத்தியம் புடிச்ச சில பேரு சேந்து அதுல ஆரஞ்சு கலர் கூம்பா அடுக்கி, வளைஞ்சு நெளிஞ்சு ஒரு பாதை போட்டிருந்தாங்க. ஒரு நேரத்துல ஒரு காரைத்தான் வுடுவாங்க. கூம்பை இடிக்காம யாரு சீக்கிரமா சுத்தி வராங்களோ அவங்க ஜெயிச்சாங்க. வூட்டுக் காரும் ஹெல்மெட்டும் இருந்தா யாரு வேணா போவலாம்.

அதுல ரெண்டு கிளாஸு. கம்பெனிக்காரன் குடுத்த மாதிரியே கார் இருந்தா ஸ்டாண்டர்டு கிளாஸு. எதையாவது கழட்டியிருந்தாலோ, புதுசா எதையாவது சொருவியிருந்தாலோ ஓப்பன் கிளாஸு. அங்க ரேஸுக்குன்னே பொறந்த வண்டிங்க நிக்கும். நம்மள மாதிரி ஆளுங்க அந்தப் பக்கம் வேடிக்கை பாக்கத்தான் போவணும்.

நானும் என் மச்சான் தினேசும் ஸ்டாண்டர்டு கிளாஸுக்குப் பேரு குடுத்திருந்தோம். தினேசு என் பொண்டாட்டி சுமதியோட தம்பி. புது கார் வாங்கியிருக்கான். சீட்டுல சுத்தின பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்கல.

எங்களுக்குள்ள ஒரு பந்தயம். வருசா வருசம் மாமனாரு வூட்டோட சேந்து ஏற்காடு போவோம். எப்பவும் அவன்தான் ஓட்டுவான். நான் பின்னாடி உக்காந்து மூணாவது வளைவுலயே வாந்தி எடுப்பேன். நானே ஸ்டியரிங் புடிச்சா எனக்கு ஒண்ணும் பண்ணாது. பின் சீட்டுல உக்காந்தா மட்டும் கொடலு வாய்க்கு வந்துடும். சொன்னா யாரு நம்பறா? மாமனாரு வூட்டுல எனக்குப் பேரே ‘வாந்தி மாப்ள’ன்னு ஆயிப்போச்சு.

அதனால இந்த வருசம் பேசி முடிச்சிட்டோம். போட்டியில கிளாஸுல யாரு மேல வராங்களோ, அவங்க காரு, அவங்க ஸ்டியரிங்கு. சுமதி சாட்சி.

ஜெயிச்சே ஆவணும்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல.

மைதானத்துல செக்கப் பண்றவரு ஒரு பெரியவரு. தலையில தொப்பி, கையில டார்ச்சு லைட்டு, நல்ல மனுசன். என் காரோட பின் கதவைத் தொறந்தாரு. உள்ள டார்ச்சு அடிச்சாரு. பட்டப்பகல்ல.

“தம்பி, பின் சீட்டு எங்க?”

எனக்கு அப்பதான் ஞாபகமே வந்துச்சு. நான் ஒரு சின்ன செராமிக் யூனிட்டு வெச்சிருக்கேன். கரண்டுக்குப் போடற பீங்கான் பியூஸ் கேரியரு, இன்சுலேட்டரு, இதெல்லாம்தான் நம்ம சரக்கு. பொட்டி ஏத்தறதுக்குத் தோதா இருக்கட்டும்னு பின் சீட்டைக் கழட்டி எத்தனையோ காலம் ஆச்சு. காருக்குப் பின் சீட்டுன்னு ஒண்ணு உண்டுங்கறதே எனக்கு மறந்துபோச்சு.

“யூனிட்டுல இருக்குதுங்க சார்.”

“அங்க என்னப்பா பண்ணுது?”

“வேலை செய்யற அக்காங்க அதுல உக்காந்துதான் சோறு சாப்புடறாங்க சார்.”

அவரு டார்ச்சை அணைச்சாரு. “சீட்டு இல்லன்னா வண்டி வெயிட்டு கொறஞ்சிடும். வெயிட்டு கொறஞ்சா ஓப்பன் கிளாஸு. பதினோரு மணிக்குள்ள சீட்டோட வா, ஸ்டாண்டர்டுல வுடறேன்.”

சுமதிக்குப் போன் போட்டேன்.

“ஏய், யூனிட்டுல கெடக்கற கார் சீட்டை ஒரு லோடு ஆட்டோவுல ஏத்தி அனுப்பு. அவசரம்.”

“எதுங்க, அந்த சோபாவா?”

“அது சோபா இல்ல. கார் சீட்டு.”

“போன வாரம்தான் செல்வி அக்கா அதுக்கு வூட்டுலேருந்து உறை தெச்சிக் கொண்டாந்து போட்டாங்க. பூப்போட்ட துணி. கேட்டா சண்டைக்கு வருவாங்க.”

“உறையோடயே அனுப்பு.”

சீட்டு வந்துச்சு. பூப்போட்ட உறை, அதுல காய்ஞ்ச சோத்துப் பருக்கை, இடுக்குல ஒரு ஊறுகா டப்பா. நானும் ஆட்டோக்காரரும் கவுந்து படுத்து போல்ட்டு முடுக்கினோம். மச்சான் பக்கத்துல நின்னு மொத்தத்தையும் வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டுக்கிட்டு இருந்தான்.

“நல்லா முடுக்குங்க மாமா. அம்மா லைவ்வா பாக்கறாங்க.”

பெரியவரு திரும்ப வந்தாரு. சீட்டைப் பாத்தாரு, பூவைப் பாத்தாரு, தலையை ஆட்டினாரு. அடுத்தது டாஷ்போர்டு. அதுல எங்க யூனிட்டுலயே சுட்ட பீங்கான் பிள்ளையாரு ஒருத்தரு உக்காந்திருக்காரு.

“ஓட்டும்போது கழண்டு வர்ற சாமானெல்லாம் எடுத்துடணும் தம்பி.”

“அது கழண்டு வராது சார்.”

அவரு பிள்ளையாரைப் புடிச்சி இழுத்தாரு. பிள்ளையாரு அசையல. நல்லா இழுத்தாரு. டாஷ்போர்டு பாதி மேல வந்துச்சு, பிள்ளையாரு மட்டும் அப்புடியே இருந்தாரு. பெரியவரு கன்னத்துல போட்டுக்கிட்டு, டாஷ்போர்டை மெதுவா அமுத்தி வெச்சாரு.

“சரி, இவரு இருக்கட்டும்.”

அப்புறம் டயரு பாத்தாரு, பிரேக்கு பாத்தாரு, பெல்ட்டை இழுத்துப் பாத்தாரு. எல்லாம் சரி. கதவுல ஸ்டிக்கரை ஒட்டினாரு. ஸ்டாண்டர்டு. பச்சைக் கலரு. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அந்த ஸ்டிக்கரை மூணு தடவை தடவிப் பாத்தேன்.

கதை இங்கயே முடிஞ்சிருக்கணும். நியாயமா பாத்தா முடிஞ்சிருக்கணும்.

அவரு போற போக்குல ஒரு பேச்சுக்குக் கேட்டாரு. “எந்த ஊரு தம்பி?”

“விருத்தாச்சலம்தாங்க.”

“ஓ, பீங்கான் ஊரா. பொம்மை தான செய்வீங்க?”

எனக்கு சுருக்குன்னுச்சு.

எவன் கேட்டாலும் இதே கேள்விதான். பொம்மை செய்யறவங்க செய்யறாங்க, அது நல்ல தொழிலு. ஆனா உங்க வூட்டுல ஃபேன் சுத்துதே, அந்தக் கரண்டு வர்ற வழியில எங்க பீங்கான் நின்னுக்கிட்டு இருக்குதுய்யா. ஒரு மனுசன் எவ்ளோ நேரம்தான் பொறுப்பான்?

“என்ன சார் இப்புடி சொல்லிட்டீங்க? பொம்மை மட்டுமா? இந்தக் காரே எங்க பீங்கான் மேலதான் நிக்குது.”

அவரு நின்னாரு. “எதுமேல?”

இந்த எடத்துல என் மச்சான் ஒரு நல்ல மனுசனா இருந்திருந்தா என் வாயைப் பொத்தியிருப்பான். அவன் போனை இன்னும் கிட்டக்க கொண்டாந்து, “சொல்லுங்க மாமா, சாருக்கு நல்லா வெளக்கமா சொல்லுங்க”ன்னான்.

நானும் சொன்னேன். “சார், பின்னாடி பொட்டி ஏத்தினா வண்டி தாழ்ந்துபோவும். கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுல இருக்கற ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் அடியில இடிக்கும். அதனால நானே வளையம் மாதிரி ரெண்டு பீங்கான் கட்டை செஞ்சு, நம்ம சூளையிலயே சுட்டு, பின் ஸ்பிரிங்கு ரெண்டுக்கும் மேல வெச்சிட்டேன். ரப்பரு நசுங்கும். இது ஜென்மத்துக்கும் நசுங்காது. வாங்க, காட்டறேன்.”

காட்டினேன். நானே ஜாக்கி போட்டுத் தூக்கிக் காட்டினேன். அவரு பாக்க வசதியா இருக்கட்டும்னு அவரு டார்ச்சை வாங்கி நானே அடிச்சும் காட்டினேன்.

அவரு உள்ள தலையை வுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. வெளிய வந்தப்ப மொகம் பூரா சந்தோசம். “பிரமாதம்பா. என் சர்வீஸுல இப்புடி ஒண்ணு நான் பாத்ததே இல்ல.”

எனக்கு நெஞ்சு நிமிந்துபோச்சு.

“செவப்பு ஸ்டிக்கர் எடுத்துட்டு வாங்கப்பா”ன்னு பின்னாடி திரும்பிச் சொன்னாரு.

“சார், செவப்புன்னா...”

“ஓப்பன் கிளாஸு தம்பி. ஸ்பிரிங்குல கை வெச்சா ஓப்பன்தான்.”

“சார், அது ஸ்பீடுக்கு வெக்கல சார். பியூஸுக்கு வெச்சது.”

“எதுக்கு வெச்சா என்ன, வெச்சது வெச்சதுதான?”

“இப்பவே உருவிடறேன் சார்.”

உருவிப் பாத்தேன். ஜென்மத்துக்கும் நசுங்காதுன்னு சொன்னேன் இல்ல, ஜென்மத்துக்கும் கழலவும் கழலல.

ஓப்பன் கிளாஸுல என்னோட சேத்து அஞ்சு வண்டி. ஒண்ணுக்கு உள்ள பூரா இரும்புக் கம்பி. இன்னொண்ணுக்கு பானெட்டே இல்ல. பக்கத்துல நின்ன தம்பி எட்டி என் பின் சீட்டைப் பாத்துட்டு, “அண்ணே, குடும்பத்தை எறக்கி வுட வந்தீங்களா?”ன்னு மரியாதையாத்தான் கேட்டான்.

என் முறை வந்துச்சு. கொடி அசைச்சாங்க. நான் மிதிச்சேன்.

அப்பதான் ஒரு அதிசயம் நடந்துச்சுங்க. பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கற அந்தக் காரு, வளைவுக்கு வளைவு தானா திரும்புது. ஆடல, சாயல. ஒரு கூம்பு கூட வுழல. பின் சீட்டு இடுக்குலேருந்து ஊறுகா டப்பா மட்டும் வெளிய வந்து, கடகடன்னு காருக்குள்ளயே உருண்டு ஓடிச்சு. நான் சத்தம் போட்டு சிரிச்சிக்கிட்டே ஓட்டினேன். வாந்தி வர்ற அறிகுறியே இல்ல.

கோட்டைத் தாண்டி எறங்கி டைம் பாத்தேன். மச்சான் ஓட்டின டைமைவிட முழுசா ரெண்டு செகண்டு கம்மி. ஹெல்மெட்டோட அவனைக் கட்டிப் புடிச்சிக் குதிச்சேன். ஆட்டோக்காரரும் குதிச்சாரு. அவரு ஏன் இன்னும் கெளம்பலன்னு எனக்குத் தெரியல.

“மச்சான், ஸ்டியரிங்கு என்னுது.”

“எப்புடி மாமா? போர்டைப் பாருங்க.”

போர்டைப் பாத்தேன். ஸ்டாண்டர்டு கிளாஸு, தினேசு, மூணாவது. ஓப்பன் கிளாஸு, நானு, அஞ்சாவது. நாலாவது வந்தவன் டைமுக்கும் என் டைமுக்கும் நடுவுல நிம்மதியா ஒரு டீ குடிக்கலாம்.

“டேய், டைமுல நான்தான்டா ஃபாஸ்ட்டு.”

“டைமை யாரு மாமா பேசுனா? கிளாஸுல யாரு மேலன்னுதான பேச்சு?”

சாட்சிக்குப் போன் போட்டோம். சுமதி நியாயமாத்தான் விசாரிச்சா.

“நீங்க எத்தனாவதுங்க?”

“அஞ்சாவது.”

“எத்தனை பேருல?”

“அஞ்சு பேருல.”

“தம்பி?”

“மூணாவது. இருபது பேரு இருப்பாங்க. ஆனா சுமதி, நீ டைமைப் பாத்தீன்னா...”

“வரும்போது தயிரு வாங்கிட்டு வாங்க”ன்னு வெச்சிட்டா.

சாயங்காலம் மாமனாரு வூட்டுல சாப்பாடு. அத்தை, “மாப்ள, கடைசியாமே? அதனால என்னங்க, நல்லா சாப்புடுங்க”ன்னு ஒரு துண்டு மீனு கூட வெச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. எலையில சோத்தை ரெண்டா பிரிச்சி, இது ஸ்டாண்டர்டு, இது ஓப்பன்னு எல்லாருக்கும் வெளக்கினேன். மாமனாரு மட்டும்தான் பொறுமையா கேட்டாரு.

“அப்ப, தம்பி நின்ன கிளாஸுல நீங்களும் நின்னிருந்தா?”

“நான்தாங்க மாமா மேல வந்திருப்பேன்.”

“அப்ப ஏன் நிக்கல? கண்டுபுடிச்சிட்டாங்களா?”

“இல்லைங்க. ஸ்டிக்கரெல்லாம் ஒட்டிட்டாங்க. அப்புறம் நானே கூப்புட்டுக் காட்டினேன்.”

மாமனாரு சோத்துல கையை வெச்ச வாக்குல என்னைப் பாத்தாரு. அப்புறம் சுமதியைப் பாத்தாரு. இந்தக் கல்யாணத்தை முடிச்சி வெச்சவரு அவருதான்.

வர்ற சனிக்கிழமை ஏற்காடு. மச்சானோட புது காரு, மச்சான்தான் ஓட்டறான். சொன்ன சொல்லைக் காப்பாத்தறவன் நானு.

முன்னாடி மாமனாரு. பின்னாடி சுமதி, அத்தை, நானு. எனக்கு ஒதுக்கியிருக்கற எடம் மச்சானுக்கு நேர் பின்னாடி.