மாப்பிள்ளை போட்ட பச்சை ஒயர்

கல்யாணமான புதிதில், மாமனார் எதைக் கேட்டாலும் "தெரியும் மாமா" என்று சொல்லிவிடும் வியாதி எனக்கு இருந்தது. காபிச் செடிக்கு எவ்வளவு நிழல் வேண்டும்? தெரியும். மிளகுக் கொடி ஏன் வாடுகிறது? தெரியும். நானோ சேலம் டவுனில் பிறந்து வளர்ந்து, ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். எனக்குத் தெரிந்த காபி டம்ளரில்தான் இருக்கும்.

மாமனார் நாகலூர்க்காரர். மலையில் காபியும் மிளகும் போட்டே பெரிய ஆளானவர். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு சின்ன வீட்டையும், சுற்றியிருந்த கொஞ்சம் தோட்டத்தையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். முதல் அறுவடை நெருங்கியபோது ஒரு பல்பரையும் கொண்டுவந்து இறக்கினார். காபிப் பழத்தைப் போட்டால் தோலை உரித்து, கொட்டையைத் தனியாகத் தள்ளும் மிஷின். அரைக் குதிரைத்திறன் மோட்டார் பூட்டியது.

"பறிச்ச பழத்த அன்னிக்கே உரிச்சுப் போடோணுங்க மாப்ளே. விடிய விடியக் கிடந்தா புளிச்சு நாறிப் போவும், ஏவாரி மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவான். களத்தோரமா ஒரு பிளக் பாயிண்ட் வேணும். நம்ம ஒயர்மேனை வரச் சொல்லட்டுங்களா?"

"எதுக்கு மாமா? நானே போட்டுடறேன். தெரியும்."

(அதுவரை நான் செய்திருந்த ஒரே மின்சார வேலை, ஃபியூஸ் போன பல்பை மாற்றியது. அதையும் இரண்டாவது தடவைதான் சரியாக மாட்டினேன்.)

என் மனைவி செல்வி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஏனுங்க, ஊட்டு முன்னாடி ஒயரு கண்ணுக்கே தெரியக்கூடாது. இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்குது."

ஒயர் வாங்க டவுனுக்குப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. "உள்ளயா, வெளியவா?" என்று கேட்டார். வெளியே என்றேன். "என்ன ஓட்டப் போறீங்க?" மோட்டார் என்றேன். "எவ்வளவு தூரம்?" கூப்பிடு தூரம் என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கட்டை விரல் தடிமனில் ஒரு கறுப்புச் சுருளை எடுத்து வைத்தார்.

"இதுல மூணு கம்பி, ஒண்ணு எர்த்துக்கு. மேலுறை வெயிலு மழைக்கெல்லாம் தாங்கும். ஆனா சும்மா தொங்க விடாதீங்க, பைப்புக்குள்ள விடுங்க. மண்ணுல பொதைக்கறதா இருந்தா இரும்புக் கவசம் போட்ட கேபிள் தர்றேன். பிளக் பாக்ஸும் மூடி போட்டதா வாங்கிக்குங்க. பனி எறங்குற ஊரு பாருங்க."

அவர் சொன்னது அத்தனையும் எனக்குப் புரிந்தது. ஆனால் என் கண் அலமாரியில் இருந்த பச்சை ஒயர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"அதுங்களா? அது மாரியம்மன் பண்டிகைக்கு மரத்துல சீரியல் செட் கட்டற ஒயருங்க."

"மரத்துலதானே? நானும் மரத்துலதான் கட்டப் போறேன்" என்றேன்.

அவர் கறுப்புச் சுருளைத் திரும்ப அடுக்கிவிட்டு, பச்சை ஒயரை அளந்து கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்கும் களத்துக்கும் நடுவே சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி. கொடியோடு கொடியாகப் பச்சை ஒயரைச் சுற்றிக்கொண்டு போய், களத்துப் பக்கம் ஒரு கம்பத்தில் பிளக்கை அறைந்தேன். செல்வியைக் கூப்பிட்டு, "ஒயர் எங்கே, காட்டு பார்க்கலாம்" என்றேன். அவள் தேடித் தேடிப் பார்த்து, "நொம்ப நல்லாருக்குதுங்க" என்றாள். பல்பு போட்டுப் பார்த்தேன், எரிந்தது. அன்றைக்கு என் நடையே மாறிவிட்டது.

பழம் பறிக்க மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மத்தியானத்துக்குள் களத்தில் செக்கச் செவேலென்று பழம் குவிந்தது. மகள் வீட்டு முதல் பழம் என்று மாமனார் சலவை வேட்டியில் வந்திருந்தார். மாமியார் மிஷினுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். நான் சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் "ம்ம்ம்ம்" என்று முனகியது. உருளை கொஞ்சம் சுற்றி நின்றுவிட்டது.

"புது மோட்டார் மாமா. கொஞ்சம் பழகணும்" என்றேன். ஒயரைத் தொட்டேன், இட்லிப் பானை மாதிரி சுட்டது. அப்பவும் வாயைத் திறக்கவில்லையே பாவி நான்!

மாமனாருக்குக் கை சும்மா இருக்காது. மடியிலிருந்து கொடி அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். காய்க்காமல் தொங்கும் கொடியைப் பார்த்தால் அறுக்காமல் நகரமாட்டார். "ஒரு காயைக் காணம், எவ்வளவு நீளம் போயிருக்குது பாரு" என்று ஒன்றை இழுத்துப் பிடித்தார்.

"மாமா, அது கொடி இல்லீங்..."

டப்!

நீலமாக ஒரு வெளிச்சம். மாமனார் பின்னால் பாய்ந்து பழக் குவியல் மேல் மல்லாக்க விழுந்தார். வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு. "ஐயோ சாமி, ரத்தமா ஓடுதே!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். மோட்டாரும் பழமும் நாசமாய்ப் போகட்டும், இந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

உட்கார்ந்தார். வாயிலிருந்த பழத்தோலைத் துப்பினார். நுனி கருகிப்போன கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரப்பிடி காப்பாற்றியிருக்கிறது.

"ஏனுங்க மாப்ளே, உங்கூட்டு மொளகுக் கொடி கடிக்குதுங்களே?"

வீட்டு ஃபியூஸ் போய்விட்டது. பழமோ மலையாகக் கிடந்தது. மாமனார் மோட்டார் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பல்பரின் கைப்பிடியை மாட்டினார். "இதச் சுத்தத் தெரியுமுங்களா?"

"தெரி..." என்று ஆரம்பித்தவன், அவர் வேட்டியைப் பார்த்தேன். "தெரியாதுங்க மாமா."

"அப்பிடிச் சொல்லுங்க. இப்பச் சொல்லித் தர்றேன்."

அவர் பழம் போட, நான் சுற்றினேன். இருட்டு விழுவதற்குள் கடைசிக் கூடையும் உரிந்தது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்; அதற்கப்புறம் ஒரு வாரம் செல்விதான் எனக்குச் சோறு ஊட்டினாள், சிரித்துக்கொண்டே.

ஒயர்மேன் வந்தார். கவசம் போட்ட கேபிளை மண்ணில் புதைத்தார். எர்த்து, மூடி போட்ட பாக்ஸ், ஷாக் அடித்தால் தானே அணையும் சுவிட்ச், எல்லாம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒயர் என்று செல்வி கேட்டதும் கிடைத்துவிட்டது.

மரத்தில் மிச்சமிருந்த பச்சை ஒயரை மட்டும் மாமனார் அவிழ்க்கவே விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தோட்டத்தைச் சுற்றி, மிளகுக் கொடிகளை ரகம் ரகமாகக் காட்டுவார். "இது கரிமுண்டா. இது பன்னியூர். இது எங்க மாப்ளே ரகம். காய்க்காது, கடிக்கும்."

போன மாசம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை. மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு அவனையும் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினார். "இது மாப்ளே ரகமுங்க தம்பி."

பையன் வெளுத்துப்போன அந்த ஒயரைத் தலை தூக்கிப் பார்த்தான். "தெரியுங்க தாத்தா. நல்ல விளைச்சல் குடுக்கும்னு சொல்லுவாங்க."

மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். "பேசி முடிச்சுருங்க மாப்ளே. உங்க ரகமேதான்."