பஸ்ஸுக்கு மட்டும் ஒரு பாதை

அன்று மாலை ஐந்து மணிக்கு நான் ஊர்காவற்றுறையின் மாபெரும் கொடைவள்ளல் ஆனேன். ஐந்தேகாலுக்கு என் வீட்டுக்குள்ளேயே பதுங்கிப் பதுங்கி நுழைந்தேன்.

நடந்தது இதுதான். சுருவிலிலிருந்து வரும் பஸ், எங்கள் சந்தை நடுவால் புகுந்துதான் துறைமுகத்துக்குப் போகவேண்டும். புகும். வெளியே வராது! முன்னே மாட்டு வண்டி, பின்னே இன்னொரு மாட்டு வண்டி, நடுவே றோசம்மாவின் மீன் கடகப் பெட்டி. றோசம்மா ஒரு பாரை மீனுக்குப் பேரம் பேசி முடிக்கும்வரை பஸ் நிற்கும். அதற்குள் அனலைதீவு வள்ளம் பாய் விரித்துவிடும். பஸ்ஸில் வந்தவர்கள் கரையில் நின்று கை காட்டுவார்கள். வள்ளத்தில் இருப்பவர்களும் மரியாதையாகக் கை காட்டிக்கொண்டே போய்விடுவார்கள்.

ஆகவே கிராமச் சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். சந்தைக்குப் பின்பக்கத்தால் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு தனிப்பாதை! அதில் வண்டி கூடாது, மாடு கூடாது, மனிதர் நடக்கவும் கூடாது. எனக்குப் புல்லரித்தது.

"எல்லாம் சரி, காணி ஆர் தாறது?" என்று தலைவர் வல்லிபுரத்தார் கேட்டார்.

சபை முழுவதும் முகட்டைப் பார்த்தது. நான் எழுந்தேன்.

"என்ர வளவுக்குள்ளால விடுங்கோ!"

அப்பப்பா, அந்தக் கைதட்டல்! மேசையில் இருந்த மைக்கூடு கவிழ்ந்தது.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது. வீடும் கிணறும் உள்ள அந்த வளவு என்னுடையதல்ல. என் மனைவி மீனலோசனியின் சீதனம். அதில் ஒரு முழம் கொடுப்பதென்றாலும் அவளும் கையெழுத்து வைக்கவேண்டும். பக்கத்திலேயே, என் தகப்பன் வழியில் வந்த காணியும் சந்தைக்குப் பின்னால்தான் கிடக்கிறது. ஆனால் அதில் இடுப்பளவுக்குப் புகையிலை நிற்கிறது. அதைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? இவள் மாட்டேன் என்றால், நாளைக்கு ஊரில் தலைகாட்ட முடியாது.

குசினிக்குள் மெல்ல எட்டிப் பார்த்தேன்.

"இஞ்சாரும், ஒரு நல்ல செய்தி."

"தெரியும். நாலுபேர் வந்து சொல்லிப்போட்டுப் போட்டினம். என்ர வளவுக்குள்ளால பஸ் ஓடப்போகுதாம்."

"ஊருக்காக..."

"எதுக்குள்ளால? குசினிக்குள்ளாலயோ?"

"சீச்சீ! கிணத்தடியால. நீர் குளிக்கேக்கை ஹோன் அடிச்சுத்தான் வருவாங்கள்."

அகப்பை அந்தரத்தில் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரி, குடுப்பம்."

"என்ன?"

"நல்ல காரியம்தானே. சபையில சொன்ன சொல்லு மாறப்படாது. நொத்தாரிசு அம்மானை நாளைக்கு வரச்சொல்லுறன். காணி உறுதி எழுதுற அலுவலை நான் பாக்கிறன். நீங்கள் காணி அளக்கிற அண்டைக்குப் பேச ஒரு பேச்சை எழுதுங்கோ."

தங்கம்! பதினெட்டு வருஷமாக இவளைப்பற்றி நான் தப்புக்கணக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவளுடைய மாமன், காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஆழ்வாப்பிள்ளை, எழுதிய உறுதியோடும் இரண்டு சாட்சிகளோடும் வந்தார். நான் பேச்சில் மூன்றாம் பக்கத்தில் நின்றேன். என் தியாகம் உச்சத்துக்கு ஏறும் இடம்.

"தம்பி, ஒருக்கா வாசிக்கிறன், கேளும்."

"நீங்கள் வாசியுங்கோ அம்மான், நான் எழுதிக்கொண்டே கேக்கிறன்."

வடக்கே இது, கிழக்கே அது என்று ஏதோ காதில் விழுந்தது. "தியாகம்" என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதே பேனையால் உறுதியிலும் கையெழுத்து வைத்தேன்.

"மீனலோசனி எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டேன்.

"அவ வைக்கத் தேவையில்லை. உம்மட ஒரு கையெழுத்துக் காணும்."

பார்த்தீர்களா? புருஷன் என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது! என் நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

மூன்றாம் நாள் காணி அளக்க சேவையர் சங்கிலியோடு வந்தார். ஊரே திரண்டு வந்தது. பஸ்ஸும் வந்து ஹோன் அடித்தது. றோசம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். வல்லிபுரத்தார் என் கழுத்தில் இரண்டு மாலை போட்டார். சங்கிலி எங்கள் படலையை நெருங்கியது. நெருங்கி, தாண்டியது.

"ஐயா, படலை இஞ்சை!" என்று கூவினேன்.

சேவையர் உறுதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேரே போய் என் புகையிலைக்கு நடுவில் முதல் முளையை அடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு மாலைக்கு நடுவில் வேறு என்ன செய்வது? சிரித்துக்கொண்டே வேலியடிக்கு ஓடினேன்.

"இஞ்சாரும்! இது என்ர காணியெல்லே!"

"ஓம். என்ர காணியெண்டால் என்ர கையெழுத்தெல்லோ கேட்டிருப்பினம்?"

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"அம்மான் நாலு எல்லையும் வாசிச்சவர். நீங்கள் பேச்சு எழுதிக்கொண்டிருந்தனீங்கள். போங்கோ, போய்ப் பேசுங்கோ. சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

போய்ப் பேசினேன். "தியாகம்" என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தேன். ஆறு இடத்திலும் உண்மையாகவே அழுதேன். ஒவ்வொரு தடவையும் முதலில் கைதட்டியது மீனலோசனிதான்.