வட்டக் கட்டிலுக்குத் தலைமாடு எது?

ஸ்காபரோ,
9.10.1996

அன்புள்ள மச்சான் ஸ்ரீதரனுக்கு,

நாங்கள் நலமே கனடா வந்து சேர்ந்தோம். உம்முடையதும் என் தங்கை புனிதவதியுடையதும் பிள்ளைகளுடையதும் நலம் விசாரிக்கும்படி என் மனைவி கமலாம்பிகை சொன்னபடியால் விசாரிக்கிறேன். எனக்கு அந்த மனநிலை இல்லை.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு கூடப்பிறந்தவளைப் பார்க்கப் பாரிசுக்கு வந்தவனை, வீட்டு வாசற்படி மிதிக்க விடாமல் நேரே ஹோட்டலில் இறக்கினீரே, அது என்ன முறை? ஹோட்டலா அது? கதவுகளில் இலக்கம் இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு மீன் படம். எங்கள் நெத்தலி என்று நினைத்து நான் தள்ளிய கதவுக்குள் ஒரு வெள்ளைக்காரர் இடுப்பில் துவாய்த் துண்டோடு நின்றார். குளியலறை, அறையின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. "முப்பத்திரண்டு வருசத்திலை இப்பிடியொரு கேவலம் வரேல்லை, வெளியிலை போங்கோ!" என்று கமலாம்பிகை துரத்த, காலையும் மாலையும் கதவுக்கு வெளியே காவல் நின்றேன். கட்டிலோ வட்டம். தலைமாடு எது, கால்மாடு எது? வடக்கே தலை வைக்க மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால், கீழே போய்க் கையைக் காலைக் காட்டி வடக்கு எங்கே என்று கேட்டேன். வரவேற்பில் நின்ற பெண் மெட்ரோ வரைபடம் தந்தாள். கடைசி நாள் வெயில் வந்த பக்கத்தைப் பார்த்தபோதுதான், நான்கு இரவும் வடக்கே தலை வைத்துப் படுத்தது தெரிந்தது. கழுத்துப் பிடிப்பு இன்னும் விடவில்லை.

புனிதவதி தினமும் சாப்பாட்டுப் பொதியோடு வந்தாள். "வீட்டை எப்ப கூட்டிக்கொண்டு போறாய்?" என்றால், "நாளைக்கு அண்ணை." நாளைக்கு, நாளைக்கு என்றே விமானம் ஏற்றிவிட்டீர்கள். தங்கை வீட்டில் எனக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லையா? நெஞ்சு எரிகிறது ஐயா. நீர் கனடா வந்தால் 401 நெடுஞ்சாலை வழியாக ஓடிவந்து ஏற்றுவேன் என்று கனவு காண வேண்டாம். இங்கேயும் ஹோட்டல்கள் இருக்கின்றன.

ஆண்டவன் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும், தூரத்திலேயே.

இப்படிக்கு,
சீனித்தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் உம்முடைய மகள் லக்ஷிகா தொலைபேசி எடுத்தாள். "மாமாவை ஏன் வீட்டை கூப்பிடேல்லை?" என்று கேட்டேன். "எங்கட ஒரு அறையிலை ஏழு பேர், மாமா. அப்பாவும் சித்தப்பாவும் முறை வைச்சுத்தான் படுக்கிறவை. அப்பா அந்த ஹோட்டலிலைதான் கோப்பை கழுவுறவர். முதலாளியைக் கெஞ்சித்தான் உங்களுக்கு அறை எடுத்தவர். சொல்லக் கூடாதெண்டு அம்மா சொன்னவா" என்றாள்.

மச்சான், இதை அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் வாயா வலித்திருக்கும்? ஊரில் குண்டுக்குப் பயந்து ஒரு பங்கருக்குள் பதினொரு பேர் கிடந்த ஆட்கள்தானே நாம்! மேலே எழுதியது ஒன்றையும் வாசிக்க வேண்டாம். கமலாம்பிகை அழுதுகொண்டே உங்களுக்கு மிளகாய்த்தூள் கட்டுகிறாள். வருகிற சித்திரைக்கு வருகிறோம். அந்த அறையில் ஒன்பது பேர் என்று நினைத்துக்கொள்ளும். ஹோட்டல் என்று வாய் திறந்தீரோ, தெரியும் சேதி.