மூன்றாம் பாடம் வரைக்கும்

"உங்களுக்குத்தான் செர்பிய பாஷை தெரியுமேண்ணே, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் லிஃப்டுக்குள் நழுவினார்.

பிணவறைக் காவலருக்கு எதிரி அவர் வாய்தான். மகள் ஒரு செர்பியப் பையனைக் கட்டிக்கொண்டு அந்த நாட்டிலேயே குடியிருந்தாள். சம்பந்தியம்மாவிடம் நாலு வார்த்தை பேசலாமே என்று போனில் பாடம் படிக்க ஆரம்பித்தவர், மூன்றாவது பாடம் முடிவதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். இப்போது மாட்டிக்கொண்டார்.

கட்டட வேலையில் சாரம் சரிந்து அந்த நாட்டுப் பையன்கள் இரண்டு பேர் விழுந்திருந்தார்கள். ஒருவன் மேலே ஐ.சி.யு.வில் இழுத்துக்கொண்டு கிடந்தான். இன்னொருவன் இங்கே, குளிர்பெட்டிக்குள். தகவல் கேட்டு ஊரிலிருந்து பறந்து வந்திருந்த இரண்டு அம்மாக்களில், அவனைப் பெற்றவள் என்று டாக்டர் கூட்டிவந்து விட்ட அம்மாள், பெஞ்சில் கைப்பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

போனைப் பார்த்து மொழிபெயர்க்கலாம் என்றால், அந்த அடித்தளத்தில் சிக்னலும் செத்துக் கிடந்தது.

"தோபர் தான்" என்றார். வணக்கம் மாதிரி.

அவள் முகம் மலர்ந்தது. சொந்த பாஷையைக் கேட்ட தெம்பில் மடமடவென்று கொட்டினாள். அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஏதோ கேட்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

செத்துவிட்டான் என்பதற்கு என்ன வார்த்தை? பாடத்தில் யாருமே சாகவில்லை. பையன் ஆப்பிள் தின்றான், தண்ணீர் குடித்தான், தூங்கினான். சாவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது தூக்கம்தான்.

"தெச்சாக் ஸ்பாவா." பையன் தூங்குகிறான்.

தலையைக் குனிந்து துக்கமாகத்தான் சொன்னார். அவளோ துள்ளி எழுந்து, "ஹ்வாலா! ஹ்வாலா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றியாம்.

அடக் கடவுளே! "நே, நே!" என்று வேகமாக மறுத்தார். தூங்கவில்லையா? அப்படியானால் விழித்துவிட்டானா என்று அவள் தன் கண்களை அகல விரித்துக் காட்டினாள். பதற்றத்தில் அவர் வாயில் வேறொரு பாடம் வந்து விழுந்தது.

"தெச்சாக் பியே வோது." தண்ணீர் குடிக்கிறான்.

அவ்வளவுதான். அவள் கைப்பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்து அவர் கையில் திணித்தாள். மகனுக்குப் போட்டுவிடுங்கள் என்று தன் பாதத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்றவளிடம் இப்படியா விளையாடுவது? இனிமேல் பேசிப் பயனில்லை, பிணவறைக் கதவைத் திறந்து காட்டிவிட வேண்டியதுதான். சாவியை எடுத்தபடி, தெரிந்ததில் மிச்சமிருந்ததையும் சொன்னார்.

"லாகு நோச்." குட் நைட்.

நட்டநடுப் பகலில் இதைக் கேட்டு அவள் சிரித்தேவிட்டாள். பிறகு அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கதவைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள்.

"நே" என்று முனகினாள். "நே, நே!"

அவர் சாவியைத் திருகும்போது, நர்ஸ் மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடிவந்தாள்.

"அண்ணே, திறக்காதீங்க, அம்மாக்களை மாத்தி அனுப்பிட்டோம்! இவங்க பையன் மேல ஐ.சி.யு.ல தண்ணி குடிச்சிட்டு இப்பத்தான் தூங்குறான். செத்தவனோட அம்மாவுக்கு டாக்டர் பையன் பொழைச்சிட்டான்னு கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சிட்டாரு, உங்களைத்தான் உடனே மேல வரச் சொல்றாரு!"