திரையில் விழாத எழுத்து

பெரியவர் அடித்த எழுத்து திரையில் விழவில்லை.

நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவர். நீதிபதி மூச்சு வாங்குவதற்குள் வாக்கியத்தை முடித்துவிடும் விரல்கள் அவருடையவை. அந்த விரல்களுக்குச் சோதனையாக மகன் நேற்று ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தான். பழையது, வாசல் அறையில் மருமகள் நடத்தும் பல் கிளினிக்குக்கு, டோக்கன் எண் காட்டுவதற்காகப் போய்விட்டது. தன் ஒயர்லெஸ் கீபோர்டை மட்டும் பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"புதுசோட வந்த கீபோர்டுல அடிங்களேன்" என்றாள் மனைவி.

"அது வெறும் அட்டை. காலையிலேயே கடைக்குத் திருப்பி அனுப்பிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு உங்க சமர்த்து!"

பல் மருத்துவர் சங்கம் மருமகளுக்கு விருது கொடுக்கிறது. குடும்பத்தில் ஒருவர் அவளைப் பற்றிப் பத்து வரி எழுதி இன்று பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அந்த வீட்டிலோ மூன்று தலைமுறையாக யாரும் யாரையும் முகத்துக்கு நேரே புகழ்ந்ததில்லை. மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த மகனிடம் "ம்" என்று மட்டும் சொன்னவர் அவர். எழுதியவர் யார் என்று வெளியே தெரியக்கூடாது என்ற உறுதியின் பேரில்தான் இதற்கே சம்மதித்தார்.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சுவர்க் கடிகாரத்திலிருந்து இரண்டைக் கழற்றிப் போட்டார். கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்தது. 'மேற்படி மருத்துவர் கடமை தவறாதவர்' என்று அடித்தார். திரை வெள்ளையாகவே இருந்தது.

மகனுக்கு போன் போட்டார்.

"அப்பா, நகத்தளவு ஒரு ரிசீவர் இருக்கும். அதைக் கம்ப்யூட்டர்ல சொருகணும்."

"தெரியும்டா. நான் பார்க்காத ரிசீவரா?"

அவர் அதைப் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடைக்காரர் சொருகிக் கொடுத்ததோடு சரி. இழுப்பறையைக் கவிழ்த்தார். நகத்தளவில் ஏதோ ஒன்று அகப்பட்டது. சொருகினார். 'புதிய சாதனம் தயார்' என்றது திரை.

"பார்த்தியா! அடிச்சதெல்லாம் உள்ள போய்க்கிட்டிருக்கு. புதுப் பெட்டி, கூச்சப்படுது. மெதுவா வெளிய வரும்" என்றார் மனைவியிடம்.

"உங்க வம்சத்துப் பெட்டிதான்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள்.

கண்ணில் படாத எழுத்து பெரியவருக்கு என்றுமில்லாத தைரியத்தைக் கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் பறந்தன.

'ஊசி என்றாலே ஓடிப்போகும் பஸ் டிரைவரிடம், அவர் ஓட்டும் வழித்தடத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசி, அவராகவே வாயைத் திறக்க வைத்தாள் என் மருமகள். அவசரம் என்று அவள் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. என் முன்பற்கள் இரண்டும் அவள் கட்டியவை. வெளியூர் வைத்தியர் கட்டியது என்று ஊரெல்லாம் சொன்னது பொய். பெண் பார்க்கப் போன அன்று, பல் பிடுங்குகிறவள் நமக்கு எதற்கு என்று கேட்டவன் நான். இன்று இந்த வீட்டுக் கௌரவம் அவள் கையில்தான் நிமிர்ந்து நிற்கிறது.'

நீதிமன்றப் பழக்கத்தில் விரல்கள் 'இங்ஙனம், மாமனார்' என்றும் சேர்த்துவிட்டன. எழுத்து வெளியே வந்ததும் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வாசல் அறையில் பல் ராவும் மெஷின் சட்டென்று நின்றது. நோயாளிகளின் பேச்சும் அடங்கியது. 'இன்றைக்குக் கூட்டம் ஒழுங்காக இருக்கிறது' என்று மெச்சிக்கொண்டார்.

திரை இன்னும் வெள்ளைதான். பரவாயில்லை, கடிகாரம் பதினொன்று பத்து என்றது.

"கடிகாரம் ஏன் நின்னுபோச்சு?" என்று கேட்டபடி வந்தாள் மனைவி. "மணி பன்னிரண்டேகால்!"

பெரியவர் நாற்காலியில் தொப்பென்று சரிந்தார். மருமகளுக்கு வாழ்நாளில் செய்ய நினைத்த ஒரே ஒரு மரியாதை. அதுவும் போயிற்று.

கதவைத் தட்டிக்கொண்டு கிளினிக் உதவியாளர் எட்டிப் பார்த்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஐயா, சங்கத்துலேர்ந்து போன் பண்ணிக் கேட்டாங்க, நான் டோக்கன் திரையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிட்டேன், இனிமே நீங்க எதுவும் அடிக்காம இருந்தீங்கன்னா, டாக்டரம்மா அழுது முடிச்சதும் ஏழாம் நம்பருக்குப் பல்லைப் பிடுங்கிடுவாங்க."